செங்கல்லா, கனகாம்பரமா

நான் உயிர்வேதியியலில் பட்டம் வாங்கியபோது எங்கள் தெருவில் அந்தச் சொல்லைத் தடங்கல் இல்லாமல் சொல்லத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருவர் என் அப்பா. கலசப்பாக்கத்துப் பக்கம் கழனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த அவர், டீக்கடையில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் டீயை வாங்குவார். மகள் டாக்டருக்கு ஒரு படி கீழே, நர்சுக்கு மூன்று படி மேலே என்று அவராகவே எனக்கு ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

கல்லூரியில் மூன்று வருடம் புரதம் எப்படி மடிகிறது, நொதி எப்படித் தனக்குரிய மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது என்றெல்லாம் படித்தேன். சிட்ரிக் அமிலச் சுழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு செல்லுக்குள் போய் எந்தெந்தக் கட்டத்தில் எப்படி உடைந்து ஆற்றலாக மாறுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்கவில்லை. அதன்பிறகு லேப் டெக்னீசியன் படிப்பு ஒரு வருடம் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் ஆரணியில் ஒரு டாக்டரின் கிளினிக்கை ஒட்டியிருந்த லேபில் வேலைக்குச் சேர்ந்தேன்.

முதல் நாள் டாக்டர் என்னை உள்ளே அழைத்துப்போய் ஒரு மேசையைக் காட்டினார். ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு தாங்கியில் கண்ணாடிக் குழாய்கள், ஒரு பெரிய புட்டியில் நீலக் கரைசல். ஓரமாக, மூடி போட்டதும் போடாததுமாகப் பதினைந்து மூத்திர பாட்டில்கள்.

“இதாம்மா உன் டிபார்ட்மென்ட்” என்றார்.

வேலை சுலபம். குழாயில் நீலக் கரைசலை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, கொதிக்க வைக்க வேண்டும். சர்க்கரை இல்லை என்றால் நீலம் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. அதற்கு மேலே மஞ்சள், அதற்கும் மேலே ஆரஞ்சு. உச்சத்தில் செங்கல் நிறம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிளஸ், இரண்டு பிளஸ் என்று நான்கு பிளஸ் வரை எழுதவேண்டும். பார்த்து ஒப்பிடுவதற்கு, கரைசல் விற்ற கம்பெனி கொடுத்த ஒரு வண்ண அட்டை சுவரில் ஒட்டியிருந்தது.

வேறு ஊராக இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஆரணியில் வருகிறவர்களில் பாதிப்பேர் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர்கள், மீதிப்பேர் பட்டு விற்றவர்கள். கடைவீதியில் நடக்கும்போதே எதிரில் வரும் புடவையின் பார்டர் எந்தச் சாயத் தொட்டியில் முங்கியது என்று சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் போய் அச்சுப் பிசகிய அந்த அட்டையைக் காட்டி, “உங்களுது ஆரஞ்சுங்க” என்றால் விடுவார்களா?

“இது ஆரஞ்சா? யாரும்மா உனக்குக் கலர் சொல்லிக் குடுத்தது? இது எலுமிச்சைக்கும் மாம்பழத்துக்கும் நடுவுல கீது.”

“பச்சைன்னா இன்னா பச்சை? கிளியா, மாந்துளிரா?”

எங்கள் ஊரில் எங்கள் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிக்க யோசித்தவர்களைப் போன்ற மனிதர்கள், இங்கே காலங்காத்தால வரிசையில் நின்று தங்கள் மூத்திரத்தை என் கையில் பயபக்தியோடு கொடுத்தார்கள். அதை மட்டும் நான் மனதுக்குள் ரசித்துக்கொள்வேன்.

இப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த முதலாளி. கடைவீதியில் ஜவுளிக்கடை. முள்ளிப்பட்டில் பல வீடுகளுக்குப் பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்துப் புடவை நெய்து வாங்கிக்கொண்டிருந்தார். நல்ல பருமன், நல்ல சிரிப்பு. கல்யாண முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்களுக்கு, விலை படிந்ததும் தட்டில் ஜாங்கிரி வரும். வாங்கியவர்களுக்கு மரியாதையாக ஒன்று, தமக்குக் கம்பெனியாக மூன்று. முகூர்த்த மாதங்களில் அவர் சாப்பிட்ட ஜாங்கிரியை நினைத்தால் எனக்கே வாய் தித்திக்கும்.

அவரை லேபுக்குக் கூட்டி வந்தது அவர் மனைவி. “கால் எரிச்சல்ங்கிறாரு, பத்து வாட்டி எழுந்து போறாரு. பாருங்க டாக்டர்” என்று அந்த அம்மா சொல்ல, டாக்டர் என்னிடம் அனுப்பினார். கொதித்து முடிக்கும் முன்பே குழாய் செங்கல் நிறத்துக்குப் போய்விட்டது. நான்கு பிளஸ் என்று எழுதப் போனேன்.

“இரும்மா” என்றார் முதலாளி. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நூல் கட்டை எடுத்தார். சாயப்பட்டறைக்குக் காட்டுவதற்காக வைத்திருந்த பட்டு நூல் சாம்பிள்கள். அதிலிருந்து ஒன்றைப் பிரித்து என் குழாயை ஒட்டிப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கினார். “செங்கல்லா இது? கனகாம்பரம்மா. பொருந்துது பாரு.”

“சார், அதுல அடியில செவப்பா தங்கியிருக்குது பாருங்க.”

“அது நெயல். நெயல கணக்குல சேக்காத” என்று பழியை நிழல்மேல் போட்டார்.

விவகாரம் டாக்டரிடம் போனது. அவருடைய மகள் கல்யாணத்துக்குப் புடவை எல்லாம் அந்தக் கடையில்தான் எடுத்திருந்தார்கள். டாக்டர் குழாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, “ஒரு மூணு பிளஸ் போட்டுடும்மா” என்றார். மூன்று வருடம் படித்த உயிர்வேதியியலுக்கு ஒரு பிளஸ் தள்ளுபடி ஆனது.

அதன்பின் முதலாளி எங்களுக்குப் பழக்கமானார். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு, முந்தின ராத்திரி பட்டினி கிடந்துவிட்டு வருவார். பச்சை வரும். “பாத்தியா, ராமர் பச்சை. இனிமே ராமராஜ்யம்” என்பார். நேராக எதிர்ப்புறத்து மிட்டாய்க் கடைக்குப் போவார். இரண்டு மூன்று மாதத்தில் அந்த அம்மாவுக்கு யாரோ இதைச் சொல்லிவிட்டார்கள். அவர் கோபப்படவில்லை. சட்டம் போட்டார். இனி ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் வீட்டிலேயே பாட்டிலில் பிடித்து, அந்த அம்மா கையாலேயே மூடி, பேர் எழுதி ஒட்டி, முதலாளி கையில் கொடுத்து அனுப்புவது. பட்டினி கிடக்க நேரம் கொடுக்காமல் வீட்டில் ஞாயிறு விருந்தும் நடந்தது.

அடுத்த திங்கள் வந்த பாட்டிலைக் கொதிக்க வைத்தேன். நானே பயந்துபோனேன். கனகாம்பரம் எலுமிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. சூளையிலிருந்து அப்போதுதான் இறக்கிய செங்கல்.

முதலாளி குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நூல் கட்டை வெளியே எடுக்கவில்லை. “இன்னாம்மா இது?” என்று மட்டும் கேட்டார். குரலில் அப்படி ஒரு ஏமாற்றம், யாரோ அவருக்குக் கலப்பட ஜரிகை கொடுத்துவிட்ட மாதிரி.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அந்த அம்மா இட்லியைக் குறைத்தார். அடுத்த திங்களும் செங்கல். டாக்டர் மறுபடியும் மாத்திரையைக் கூட்டினார். அந்த அம்மா இட்லியை நிறுத்தி அரை டம்ளர் கேழ்வரகுக் கூழுக்கு மாறினார். மாத்திரையை அவரே முதலாளியின் வாயில் போட்டு, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். மிட்டாய்க் கடைக்காரரிடம் நேரில் போய், “எங்க வூட்டுக்காரருக்கு ஒரு துண்டு குடுத்தீங்கன்னா நான் இங்கியே உக்காந்துக்குவேன்” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாவது திங்கள். பாட்டில் வந்து, செங்கல் நிறம் காட்டி, நான் நான்கு பிளஸ் எழுதி முடித்து ஒரு மணி நேரம் இருக்கும். வாசலில் ஆட்டோ நின்றது. கடை ஆட்கள் இரண்டு பேர் முதலாளியைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை முழுக்க வேர்வை. கை நடுங்கியது. கல்யாணப் பார்ட்டிக்கு முகூர்த்தப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தவர், மாம்பழக் கலரைப் பார்த்து மயில் கழுத்து என்று சொல்லிவிட்டு அதன்மேலேயே சாய்ந்துவிட்டாராம். கலரை மாற்றிச் சொன்னதும்தான் கடை ஆட்களுக்கு இது சாதாரண மயக்கம் இல்லை என்று புரிந்திருக்கிறது.

ரத்தம் எடுத்து டெஸ்ட் போட்டேன். நல்ல ரோஸ் நிறம் வரவேண்டிய குழாயில் சும்மா ஒரு சாயல்தான் தெரிந்தது. சர்க்கரை நாற்பது. மூளைக்கு எரிக்க எதுவும் மிச்சமில்லாத நிலை. டாக்டர் குளுக்கோஸ் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். பின்னாலேயே ஓடி வந்திருந்த அந்த அம்மா டம்ளரை வாங்கி, கண்ணில் தண்ணீர் வழிய, ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினார். மூன்று வாரமாக ஊரெல்லாம் சர்க்கரையை மறித்து நின்றவர், “குடிங்க, இன்னும் ஒரு வாய் குடிங்க” என்று கெஞ்சினார். முதலாளி கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, “இன்னும் கொஞ்சம் போட்டுக் குடு.”

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “காலைல யூரின்ல நாலு பிளஸ், இப்ப ரத்தத்துல நாற்பது. எப்படிம்மா?”

மாத்திரை போட்டால் ரத்தத்தில் குறையலாம். ஆனால் அரை டம்ளர் கூழில் இருப்பவருக்கு வாராவாரம் இப்படியொரு செங்கல் எங்கிருந்து வரும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூலக்கூறு எப்படி மூலக்கூறை அடையாளம் கண்டுகொள்கிறது என்று பக்கம் பக்கமாகப் பரீட்சை எழுதியவள் நான். மூன்று வாரமாகப் பாட்டிலில் ஒட்டியிருந்த சீட்டை அப்படியே நம்பியிருக்கிறேன்.

அந்த அம்மா மருந்துச் சீட்டோடு வெளியே போன நேரத்தில் முதலாளியின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன். “சார், அது யாரோட யூரின்?”

அவர் கூரையைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார். “தறிக்காரன்து” என்றார்.

முள்ளிப்பட்டிலிருந்து ஒரு நெசவாளர் திங்கட்கிழமை தோறும் நெய்த புடவையைக் கொடுக்கக் காலையிலேயே கடைக்கு வருவாராம். வீட்டிலிருந்து வந்த பாட்டிலை முதலாளி கடைக்குப் பின்னால் கொட்டிவிட்டு, அந்த நெசவாளரிடம் கொடுத்து நிரப்பி வாங்கியிருக்கிறார். “குச்சி மாதிரி இருப்பான்மா. சக்கரைன்றது நம்மள மாதிரி ஒடம்பு இருந்தாத்தானே வரும்? அவனுக்கு எங்க வரப்போவுதுன்னு நெனச்சிட்டேன். மொத வாரம் செவப்பா வந்ததும், நாயித்துக்கெழம இன்னாடா துன்ன, இனிப்பு கினிப்பு தொடாதன்னு சத்தங்கூடப் போட்டேன். கேக்கல போலக்குது.”

“நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே சார்.”

“இன்னான்னு சொல்றது? இது என்னுது இல்லைன்னா, பின்ன யார்துன்னு கேப்பீங்களே!”

ஆக, நெசவாளரின் சர்க்கரைக்கு முதலாளி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். நெசவாளருக்கு, சாப்பிடாத இனிப்புக்குத் திட்டு கிடைத்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. “சார், அவரை இன்னிக்கே இங்க வரச் சொல்லுங்க. ஜல்தியா” என்றேன்.

“அவனுக்கு இன்னா, நல்லாத்தான் கீறான். கொஞ்ச நாளா சோம்பேறியாப் பூட்டான், அவ்ளோதான். தண்ணி குடிக்கப் போறேன், வெளிய போறேன்னு தறிய வுட்டு எழுந்துனே இருக்கிறான்னு புகார் வருது.”

“அது சோம்பேறித்தனம் இல்லீங்க, சர்க்கரை. சாப்பிடுறதெல்லாம் ரத்தத்துலயே நிக்குது. உடம்புல இருக்கிற செல்லுக்குள்ள போகல. வெறகு வாசல்ல மலையாட்டம் கெடக்குது, அடுப்புக்கு வந்து சேரல. அடுப்பு எரியணுமேன்னு உடம்பு வீட்டுக் கம்பத்தயே ஒடச்சி எரிக்குது. அவரு சதை கரையுது. அதனாலதான் குச்சி.”

முதலாளி எழுந்து உட்கார்ந்தார். கடை ஆள் ஒருவரைக் கூப்பிட்டு ஸ்கூட்டரில் முள்ளிப்பட்டுக்கு அனுப்பினார்.

மதியத்துக்கு மேல் நெசவாளர் வந்தார். நாற்பது வயதுதான் இருக்கும், அறுபது போலத் தெரிந்தார். சட்டை அவருக்கு முன்பு சரியாக இருந்திருக்க வேண்டும். வாசலிலேயே நின்று, “ஒரு சொம்பு தண்ணி குடும்மா” என்றார். குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டார்.

“முதலாளி பாட்டில்ல கேட்டப்ப நீங்க எதுக்குன்னு கேக்கலியாண்ணா?”

“கேக்கறதுக்கு இன்னாம்மா கீது? சாயத்துல எதுக்கோ சேக்குறாங்கன்னு நெனச்சேன். ஊர்ல அவ்ளோ தறிக்காரன் இருக்க, என்கிட்ட கேக்குறாரேன்னு...” என்று நிறுத்திக்கொண்டார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்திருக்கிறது அவருக்கு.

அவருடைய ரத்தத்தில் டெஸ்ட் போட்டபோது குழாய் அடர்த்தியான ரோஸ் நிறத்துக்குப் போனது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு மிகவும் பணிவாகக் கேட்டார். “அவருக்குத்தான சக்கரை? அவரு பாட்டில நான் தொட்டதால எனக்கு ஒட்டிகிச்சா?”

இல்லை என்று புரியவைக்கக் கால்மணி நேரம் ஆனது. தறிக்குழியில் மிதிக்கிற கால் ஆறு மாதமாக மரத்துக்கிடக்கிறது என்று அவர் அப்போதுதான் சொன்னார். குழியின் ஈரம் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாராம். டாக்டர் அவருக்கு அன்றைக்கே இன்சுலின் ஊசி ஆரம்பித்தார்.

அந்த அம்மாவிடம் யார் சொன்னார்கள் என்று தெரியாது. நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை அவரே முன்னால் நடந்து வந்தார். பின்னால் முதலாளி, அவருக்குப் பின்னால் நெசவாளர். லேபில் ஒரே ஒரு பெஞ்சு. முதலாளி உட்கார்ந்தார். நெசவாளர் சுவரோரமாக நின்றார்.

“நீயும் உக்காருப்பா” என்றார் அந்த அம்மா.

“பரவால்லம்மா.”

“எங்க வூட்டு சக்கரைய இத்தினி நாள் நீ சொமந்த. உக்காரு.”

இருவரும் ஒரே பெஞ்சில், நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். தறி வீட்டிலோ கடையிலோ நடக்காத காரியம். நெசவாளரின் மருந்துச் செலவு இனி கடையினுடையது என்று அந்த அம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார். முதலாளி தலையாட்டினார். தலையாட்டாமல் அவருக்கு வேறு வழி இல்லை.

அப்புறம் வாராவாரம் இரண்டு பாட்டில், இரண்டு குழாய், பக்கத்தில் பக்கத்தில் கொதிக்கும். நெசவாளர் சொன்னதைச் சொன்னபடி கேட்டார். ஒரு மாதத்தில் ஆரஞ்சு, அதற்கடுத்த மாதம் மஞ்சள். ஒரு நாள் அவருடைய குழாய் நீலமாகவே நின்றது. முதலாளியுடையது கனகாம்பரம். அதில் இப்போது சந்தேகத்துக்கு இடமில்லை.

“என்கிட்ட நூல் வாங்கறவன் எனக்கு முன்னாடி நீலத்துக்குப் பூட்டான் பாரும்மா” என்றார். பாதி கிண்டல், பாதி நிஜ வருத்தம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் நீலக் கரைசல் புட்டி மேசையை விட்டுப் போனது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தால் எண் காட்டும் சின்னக் கருவி வந்தது. முதலாளிக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. நிறத்தோடு பேரம் பேசலாம். எண்ணோடு பேச அவரால் முடியவில்லை. ஆனாலும் முயன்றார். “நூத்தி தொண்ணூத்தி எட்டுன்னா சும்மா நூத்தி தொண்ணூறுன்னு எழுதேன். புடவைக்கு நாங்க கொறைக்கல?”

அந்தக் காலத்தில்தான் அவர் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் நெசவாளர்களுக்கு இலவச சர்க்கரை நோய் முகாம் நடத்தினார். பேனரில் அவர் படம் பெரிது, டாக்டர் படம் சிறிது, ‘வெறும் வயிற்றில் வரவும்’ என்ற எழுத்து அதைவிடச் சிறிது. ஞாயிறு காலையில் முள்ளிப்பட்டிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் வேன் வேனாக ஆட்கள் வந்தார்கள். நான் கருவியோடு உள்ளே உட்கார்ந்திருந்தேன். முதல் ஆளுக்கு அதிகம். இரண்டாம் ஆளுக்கும் அதிகம். பத்தாவது ஆள் வரை எல்லோருக்கும் அதிகம். பதினோராவதாக வந்த பெண்ணின் விரலில் ஏதோ பிசுபிசுத்தது.

“இன்னாக்கா கையில?”

“வாசல்ல லட்டு குடுத்தாங்கம்மா. வரவேற்புன்னாங்க.”

எழுந்து போய்ப் பார்த்தேன். பன்னீர் தெளித்து, சந்தனம் வைத்து, ஆளுக்கு ஒரு லட்டு. எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் முதலாளி. “ஜனங்கள சும்மா வயித்தோட உள்ள அனுப்புறது நல்லாவா இருக்குது?” என்று என்னிடமே கேட்டார். அவர் உதட்டோரத்திலும் ஒரு பூந்தி ஒட்டியிருந்தது.

முகாமை அடுத்த ஞாயிறு மறுபடி வைத்தோம். அப்போது மேடையில் பேசிய முதலாளி, “என் தறிக்காரன் ஒருத்தனுக்கு சக்கரை கீதுன்னு ஊர்ல மொதல்ல கண்டுபுடிச்சதே நான்தான்” என்றார். கைதட்டினார்கள். யோசித்துப் பார்த்தால் அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த நெசவாளருக்கு மேடையில் ஒரு சால்வை போட்டார்கள். அன்றைக்கு வந்தவர்களில் எட்டுப் பேருக்கு, அதுவரை தெரியாத சர்க்கரை இருந்தது. எட்டுப் பேருமே ஒல்லியானவர்கள்.

மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எங்கள் லேபுக்கு வந்தது அதற்குப் பிறகு. ரத்தத்தை வேலூருக்கு அனுப்பி வாங்குவோம். முதலாளி வழக்கம்போல இரண்டு நாள் விரதத்தோடு வந்து நின்றபோது நான் சொன்னேன், “இதுக்குப் பட்டினி கெடந்து பிரயோசனம் இல்ல சார்.”

“ஏன்?”

“ரத்தத்துல செவப்பா இருக்குதே, அது ஒரு புரதம். பட்டும் புரதம்தான். சர்க்கரை அதிகமா இருந்தா அது போய் அந்தப் புரதத்துல ஒட்டிக்கும். ஒட்டினா வராது.”

அவர் முகம் மாறியது. இவ்வளவு வருடத்தில் நான் சொன்ன எதையும் அவர் அவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை. “கெட்டிச் சாயமா?”

“ஆமாங்க. அந்த ரத்த அணு சாகற வரைக்கும் அப்படியே இருக்கும். மூணு மாசம், நாலு மாசம்.”

“அப்ப தீவாளி?”

“தெரியும்.”

“எம் பொண்ணு வளைகாப்பு?”

“அதுவும் தெரியும் சார்.”

ஏழுக்குள் இருக்கவேண்டிய முடிவு ஒன்பதரை என்று வந்தது. அரையைத் தள்ளச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனார். டாக்டர், மாத்திரை போதாது, இன்சுலின்தான் என்று சொல்லிவிட்டார்.

ஊசியைப் பார்த்ததும் முதலாளிக்கு வேர்த்தது. அந்த அம்மாவும் தன்னால் ஆகாது என்று சிரிஞ்சை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் ஒரு நாள் போட்டுவிடலாம், தினமும் யார் போடுவது? அன்றைக்குத் தன் ரத்தம் கொடுக்க வந்திருந்த நெசவாளர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்து வருடமாகக் காலையும் மாலையும் தனக்குத் தானே போட்டுக்கொள்கிறவர்.

“சட்டைய தூக்குங்க முதலாளி” என்றார்.

“வலிக்குமாடா?”

“பாவு நூல்ல வெரல் கிழியறதவிடக் கம்மி. இப்டி சதைய ரெண்டு வெரல்ல புடிக்கணும். எனக்குப் புடிக்கவே சதை கெடையாது, ரொம்ப பேஜாரு. உங்களுக்கு இன்னா, தாராளமா கீது.”

முதலாளி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டார். நெசவாளர் குத்தி, மெதுவாக அழுத்தி, ஊசியை எடுத்துவிட்டார்.

“போட்டியா?” என்றார் முதலாளி, கண்ணைத் திறக்காமலே.

“எப்பவோ போட்டாச்சு. நாளைக்கு நீங்களே போடுங்க, நான் வந்து பாக்கிறேன்.”

மறுநாள் அவர் போனார். அதற்கு மறுநாளும் போனார். ஒரு வாரம் முள்ளிப்பட்டிலிருந்து காலை ஏழு மணிக்கு சைக்கிளில் வந்து முதலாளியின் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, அவர் தானே குத்திக்கொள்வதைப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் சாய்ச்சுப் புடிங்க” என்று திருத்தினாராம். எட்டாவது நாள், கை பழகிவிட்டது, இனி நீ வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். அந்த அம்மா உள்ளேயிருந்து, “கூழ் வெச்சிருக்கேன், ரெண்டு பேரும் குடிச்சிட்டுப் பேசுங்க” என்றாராம்.